எல்லை தாண்டும் கைப்பேசி: ஐரோப்பாவில் ரோமிங்கும் அதன் சட்டமும்

1. ஆய்வுப் பொருளும் வரம்பும்

பாரிஸில் வாங்கிய பிரெஞ்சு சிம்மை ஏதென்ஸில் போய்ப் பயன்படுத்தினால் கூடுதலாக ஒரு சென்ட்கூடச் செலவில்லை. இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கிறது. அதே சிம்மோடு பிரான்சின் எல்லையை ஒட்டியிருக்கும் ஜெனீவாவுக்குப் போகிறோம், திட்டத்தில் சுவிட்சர்லாந்து சேரவில்லை என்றால், வரைபடத்தைத் திறந்து முடிப்பதற்குள் பில் ஏறத் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து இந்திய சிம்மோடு வந்திறங்கியவருக்கோ பாரிஸ், ஏதென்ஸ், ஜெனீவா மூன்றும் ஒன்றுதான். பேக் போடாமல் தொட்டால் மூன்றிலும் சுடும்.

இந்த மூன்று நிலைகளையும் ஒரே விதியால் விளக்க முடியுமா என்பதே இங்கே எழும் கேள்வி. முடியும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ரோமிங் கட்டணத்துக்கும் தூரத்துக்கும் கிட்டத்தட்ட உறவே கிடையாது. இரண்டு நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொத்த விலையில் அது பிறக்கிறது. அந்தப் பேரத்தின் மேல் எந்தச் சட்டத்தின் கை இருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறவோ இறங்கவோ செய்கிறது. ஐரோப்பா இதற்குக் கிடைத்த மிக நல்ல சோதனைக்கூடம். அங்கே கோபுரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, பத்தாண்டுக்குள் விலை மட்டும் தலைகீழானது.

ஆய்வின் களம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகள், அவற்றோடு ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பில் சேர்ந்துள்ள நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், வெளியே நிற்கும் சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும். இந்திய நிறுவனங்களின் பேக் விலைகளுக்குள் போகவில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் மாறிவிடும்.

2. ஓர் அழைப்பு போகும் வழி

ரோம் விமான நிலையத்தில் இறங்கி, விமானப் பயண நிலையிலிருந்த கைப்பேசியை எழுப்புகிறோம். அது முதலில் சிம்முக்குள் எழுதியிருக்கும் பதினைந்து இலக்க அடையாள எண்ணைப் படிக்கிறது. நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பத்து இலக்க எண் வேறு, இது வேறு. இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: இந்தியாவுக்கு 404, 405, இத்தாலிக்கு 222, பிரான்சுக்கு 208, ஜெர்மனிக்கு 262. அடுத்து வரும் இலக்கங்கள் நிறுவனத்தைக் காட்டும்.

இத்தாலியக் கோபுரத்துக்கு 404 என்பது அந்நிய முகம். எனவே அது அந்த முகத்துக்குரிய இந்திய நிறுவனத்திடம் கேட்கிறது: இவர் உங்கள் ஆள்தானா, ரோமிங் அனுமதி உண்டா? இந்திய நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து ஒரு மறைக்குறிச் சோதனை அனுப்பப்படுகிறது, சிம் அதற்குச் சரியான விடை சொல்கிறது, அனுமதி கிடைக்கிறது. உடனே இந்தியப் பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறுகிறது: இந்த வாடிக்கையாளர் இப்போது இத்தாலியில் இன்ன நிறுவனத்தின் வலையில் இருக்கிறார். நம் கண்ணுக்குத் தெரிவது திரையின் மூலையில் மாறும் பெயரும், சற்று நேரத்தில் வந்து விழும் வரவேற்புக் குறுஞ்செய்தியும்தான். எந்த இத்தாலிய நிறுவனத்தின் வலையில் நாம் விழுவோம் என்பதையும் பெரும்பாலும் நம்முடைய நிறுவனமே முடிவு செய்கிறது. எவரோடு பேரம் மலிவாக முடிந்ததோ அவர் பக்கம் சிம்மைத் தள்ளிவிடும். வலுவான சிக்னல் இருந்தும் கைப்பேசி பலவீனமான வலையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது தஞ்சாவூரிலிருந்து அம்மா அழைக்கிறார். அவர் போட்டது உள்ளூர் எண். அழைப்பு இந்திய நிறுவனத்துக்குப் போகிறது; பதிவேட்டைப் பார்த்து அங்கிருந்து இத்தாலிக்கு நீள்கிறது. மகன் எங்கே இருக்கிறான் என்பது அம்மாவின் பில்லில் தெரியாது. இந்தியாவிலிருந்து இத்தாலி வரையுள்ள துண்டுக்கு மகன் பணம் கட்டுகிறான். எடுத்த அழைப்புக்கும் காசு பிடிக்கிறார்களே என்று பலர் புலம்புவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். விசித்திரம் இதோடு நிற்கவில்லை. ரோமின் ஒரே சதுக்கத்தில் இருபதடி இடைவெளியில் நிற்கும் கணவனும் மனைவியும் இந்திய எண்களில் ஒருவரையொருவர் அழைத்தால் அந்த அழைப்பு இந்தியாவுக்குப் போய்த் திரும்பி வரும். ஒருவர் வெளிநாட்டிலிருந்து அழைத்ததற்குக் கட்டுவார், மற்றவர் வெளிநாட்டில் எடுத்ததற்குக் கட்டுவார். கையசைத்துக் கூப்பிடுவது மேல்.

எடுக்காத அழைப்பும் செலவு வைக்கலாம். 'எடுக்காவிட்டால் குரலஞ்சலுக்கு அனுப்பு' என்ற அமைப்பு கைப்பேசியில் இருந்தால், இத்தாலி வரை வந்து மணியடித்த அழைப்பு மறுபடி இந்தியாவில் உள்ள குரலஞ்சல் பெட்டிக்குத் திரும்பும். ஒரே அழைப்புக்கு இரண்டு சர்வதேசத் துண்டுகள். புறப்படும் முன் ##002# என்று அழுத்தி எல்லா அழைப்புத் திருப்பங்களையும் நீக்கிவிடும் பழைய வழக்கம் இதனால் வந்தது.

டேட்டாவின் பாதை இன்னும் சுற்று. பாரிஸில் நின்று ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால், வேண்டுகோள் பிரெஞ்சுக் கோபுரத்திலிருந்து நேரே இணையத்துக்குள் போவதில்லை. ஒரு மூடிய சுரங்கம் வழியாக இந்தியாவில் உள்ள நம் நிறுவனத்தின் வாசலுக்கு வந்து, அங்கிருந்து இணையத்தில் இறங்கி, அதே வழியில் திரும்புகிறது. பாரிஸ் மெட்ரோவின் கால அட்டவணைகூட இந்தியா வழியாகத்தான் வரும். வரைபடம் இழுபறியாக வருவதற்கு இதுவும் காரணம். இதில் ஒரு லாபமும் உண்டு: இணையத்தின் பார்வையில் நாம் இந்தியாவில்தான் இருக்கிறோம். வெளிநாட்டு முகவரியைக் கண்டால் முகம் சுளிக்கும் சில வங்கிச் செயலிகள் ரோமிங் டேட்டாவில் அமைதியாக வேலை செய்யும்.

3. விலை எங்கே பிறக்கிறது

பயணி பேசிய நிமிடங்களையும் இழுத்த டேட்டாவையும் ஐரோப்பிய நிறுவனம் பதிவுசெய்து, உலகம் முழுவதும் ஒரே வடிவில் உள்ள கோப்புகளாக நம் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அதில் உள்ளது மொத்த விலை. நம் நிறுவனம் அதன்மேல் தன் பங்கை வைத்து நம்மிடம் சில்லறை விலையாக வசூலிக்கிறது. பழைய காலத்தில் இந்தக் கோப்புகள் வந்துசேரவே நாள்கணக்காகும். ஊர் திரும்பிய பிறகு வந்து தலையில் இறங்கிய பில்களின் கதை அப்படித்தான் நடந்தது. பிற்காலத்தில் மோசடியைத் தடுப்பதற்காகச் சில மணி நேரத்துக்குள் தகவல் பரிமாறும் முறை வந்தது.

மொத்த விலை ஏன் குறையவில்லை? போட்டி இருக்கும் சந்தையில் விலை இறங்கும் என்பது பாடம். ரோமிங்கில் போட்டிக்கே இடமில்லாத ஓர் அமைப்பு இருந்தது. வாடிக்கையாளர் உள்நாட்டுக் கட்டணத்தைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்வார்; ஆண்டில் ஒரு வாரம் போகும் ஸ்பெயின் பயணத்தை நினைத்து யாரும் சிம் வாங்குவதில்லை. ஸ்பானிய நிறுவனத்துக்கோ அந்த ஜெர்மானியப் பயணி வாடிக்கையாளரே அல்ல. அவரைக் கவர விலை குறைப்பதால் அதற்கு எதுவும் கிடைக்காது. ஸ்பானிய ஒழுங்குமுறை ஆணையம் ஸ்பானியரைக் காக்க இருக்கிறது. ஜெர்மானிய ஆணையத்துக்கு ஸ்பானிய நிறுவனத்தின் மேல் அதிகாரம் இல்லை. இப்படி ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் ஒழுங்காக இருக்க, இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பணம் கொட்டியது. வெயில் தேடி வடக்கிலிருந்து தெற்கே போகும் ஐரோப்பியப் பழக்கத்தால் ஸ்பெயின், கிரீஸ் போன்ற நாடுகளின் நிறுவனங்களுக்கு இது கோடைதோறும் அறுவடை.

4. தொழில்நுட்பம் ஒன்றானது, விலை ஒன்றாகவில்லை

1980களின் ஐரோப்பாவில் நாட்டுக்கு ஒரு கைப்பேசி முறை இருந்தது. ஜெர்மனியின் முறை பிரான்சில் பேசாது, பிரான்சின் முறை பிரிட்டனில் பேசாது. 1981-இல் தொடங்கிய நார்டிக் முறை மட்டுமே சில நாடுகளுக்குள் எல்லை தாண்டியது. இதை மாற்ற 1982-இல் ஐரோப்பிய அஞ்சல் தொலைபேசி நிர்வாகங்களின் கூட்டமைப்பு ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. அந்தக் குழு உருவாக்கியதே ஜிஎஸ்எம் என்ற பொது முறை. 1987 செப்டம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் 13 நாடுகளின் பிரதிநிதிகள் அதை நடைமுறைப்படுத்தும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். 1991 ஜூலை 1 அன்று ஃபின்லாந்தில் முதல் ஜிஎஸ்எம் அழைப்பு போனது. அடுத்த ஆண்டே ஃபின்லாந்தின் டெலிகாம் ஃபின்லாந்தும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் சர்வதேச ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. சிம்மைக் கழற்றி எந்தக் கருவியிலும் போடலாம், எந்த நாட்டிலும் பேசலாம் என்ற வசதி அப்போதே பிறந்துவிட்டது. பிறகு பதினைந்து ஆண்டுகள் விலையை எவரும் தொடவில்லை.

தொட்டவர் விவியன் ரெடிங், அப்போது ஐரோப்பிய ஆணையத்தில் தகவல் சமூகத் துறைக்குப் பொறுப்பானவர். அவர் லக்ஸம்பர்க்காரர் என்பது தற்செயலாக இருக்கலாம். அந்த நாட்டில் காரை எடுத்து அரை மணி நேரம் ஓட்டினால் வேறு நாடு வந்துவிடும். 2007 ஜூன் 30 அன்று நடைமுறைக்கு வந்த விதி, வெளிநாட்டிலிருந்து அழைக்க நிமிடத்துக்கு 49 சென்ட், அழைப்பை எடுக்க 24 சென்ட், வரி நீங்கலாக, என்று உச்சவரம்பு வைத்தது. அதற்குமுன் நிமிடத்துக்கு ஒரு யூரோவுக்கு மேல் வசூலித்தவர்கள் உண்டு. ஆண்டுதோறும் வரம்பு இறங்கியது. 2014-இல் அழைக்க 19 சென்ட், எடுக்க 5 சென்ட். நடுவே 2009-இல் குறுஞ்செய்திக்கு 11 சென்ட் வரம்பு வந்தது. ஒரு நிமிடம் ஒரு நொடி பேசியவரிடம் இரண்டு நிமிடக் காசு வாங்கும் வழக்கமும் அப்போதுதான் ஒழிந்தது: முதல் அரை நிமிடத்துக்குப் பிறகு நொடிக்கணக்கு.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. வோடஃபோன் உள்ளிட்ட நான்கு பெரிய நிறுவனங்கள் இலண்டனில் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. சில்லறை விலையை நிர்ணயிக்க ஒன்றியத்துக்கு அதிகாரம் உண்டா என்பதே வழக்கு. 2010 ஜூன் 8 அன்று, உண்டு என்று தீர்ப்பானது. இந்தத் தீர்ப்பு வேறு விதமாக வந்திருந்தால் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

டேட்டாவின் கதையில்தான் நம் வாதத்துக்கான வலுவான சான்று இருக்கிறது. 2012 ஜூலையில் முதன்முதலாக டேட்டாவுக்குச் சில்லறை உச்சவரம்பு வந்தபோது அது ஒரு எம்பிக்கு 70 சென்ட். அதாவது ஒரு ஜிபிக்கு 700 யூரோ. இது கொள்ளை விலை என்று சட்டம் தடுத்த எண் அல்ல, நியாயம் என்று சட்டமே அனுமதித்த எண். பத்தாண்டு கழித்து, 2022-இன் புதிய விதி நிறுவனங்களுக்கு இடையிலான மொத்த விலையை ஒரு ஜிபிக்கு 2 யூரோ என்று வரையறுத்தது. 2025-இல் அது 1.30, 2026-இல் 1.10, 2027 முதல் 1 யூரோ. ஒன்று சில்லறை விலை, மற்றது மொத்த விலை என்பதால் இரண்டையும் நேருக்குநேர் நிறுத்துவது முழுக்கச் சரியில்லை; 4ஜி வந்து ஒரு ஜிபியைக் கொண்டுசேர்க்கும் செலவும் சரிந்தது. அதையெல்லாம் கழித்த பிறகும் எழுநூறுக்கும் இரண்டுக்கும் இடையிலான பள்ளம் நிரம்பாது. ஏனென்றால் அதே 2012-இல், அதே கோபுரத்தின் வழியாக, உள்ளூர்க்காரர் மாதக் கட்டணத்துக்குள் அதே டேட்டாவை இழுத்துக்கொண்டிருந்தார். கோபுரத்துக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

2017 ஜூன் 15 அன்று ஒன்றியத்துக்குள் ரோமிங்கின் தனிக் கட்டணம் நீங்கியது. உள்நாட்டில் என்ன விலையோ அதே விலை. 2022-இல் இது புதுப்பிக்கப்பட்டு, 2032 ஜூன் 30 வரை நீள்கிறது. விலையோடு தரத்தையும் இப்புதிய விதி பேசுகிறது: சொந்த ஊரில் 5ஜி கொடுக்கும் நிறுவனம், வெளிநாட்டில் 5ஜி கிடைக்கும் இடத்தில் வேண்டுமென்றே 3ஜிக்கு இறக்கக் கூடாது.

இலவசத்துக்கு ஒரு வேலியும் உண்டு. மலிவான நாட்டில் சிம் வாங்கி விலை கூடிய நாட்டில் நிரந்தரமாகப் பயன்படுத்துவதைத் தடுக்க நியாயப் பயன்பாட்டு விதி வைத்தார்கள். நான்கு மாதக் காலத்தில் ஒருவர் பெரும்பகுதியை வெளிநாட்டில் கழித்து, பெரும்பகுதி டேட்டாவையும் அங்கேயே பயன்படுத்தினால் நிறுவனம் எச்சரிக்கலாம், பிறகு சிறு கட்டணம் சேர்க்கலாம். வரம்பில்லா டேட்டாத் திட்டங்களுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: வரி நீங்கலான மாதக் கட்டணத்தை மொத்த விலை வரம்பால் வகுத்து இரண்டால் பெருக்க வேண்டும். 2026-இல் 22 யூரோ திட்டம் வைத்திருப்பவருக்கு 22-ஐ 1.10-ஆல் வகுத்தால் 20. இரண்டால் பெருக்கினால் வெளிநாட்டில் குறைந்தது 40 ஜிபி. மொத்த விலை இறங்க இறங்க இந்த அளவு தானாகவே கூடும். சட்டத்தை எழுதியவர்கள் விலையின் ஊற்றுக்கண் எது என்று சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தச் சூத்திரமே சாட்சி.

5. சட்டம் முடியும் இடங்கள்

5.1 ரைன் நதிக்கரை

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 8-ஆம் எண் டிராம் ஒன்றிருக்கிறது. நகர நடுவில் ஏறினால் ஜெர்மனியின் வைல் அம் ரைன் வரை போகும். சுவிஸ் விலைவாசிக்கு அஞ்சி ஜெர்மன் கடைகளில் சாமான் வாங்கப் போகிறவர்கள் காலிப் பைகளோடு அதில் ஏறுவார்கள். எல்லையை நெருங்கும்போது கைப்பேசித் திரையின் மூலையில் சுவிஸ் நிறுவனத்தின் பெயர் மறைந்து ஜெர்மன் நிறுவனத்தின் பெயர் வரும். வரைபடத்தில் கோடு கிழித்த இடத்திலேயே இது நடக்காது. எந்தக் கோபுரம் வலுவோ அதுவே எல்லை. சுங்கச் சாவடியைத் தாண்டியும் சுவிஸ் சிக்னல் ஒட்டிக்கொண்டு வரலாம். ஜெர்மன் கரையில் உட்கார்ந்து காபி குடிப்பவர் தெரியாமலே சுவிஸ் கட்டணத்தில் படம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஜெனீவா, கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரை எங்கும் இதே கதை. தற்செயல் ரோமிங்கைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. ஆனால் அந்தப் பகுதியில் இருப்பவர்கள் நிறுவனத்தை நம்பி உட்காராமல், கைப்பேசியில் தானியங்கித் தேர்வை அணைத்து வலையைக் கையாலேயே தேர்ந்துகொள்கிறார்கள்.

சுவிட்சர்லாந்து ஏன் வெளியே நிற்கிறது? 1992 டிசம்பர் 6 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பில் சேர்வதைச் சுவிஸ் மக்கள் மயிரிழையில் நிராகரித்தார்கள்: 50.3 விழுக்காடு எதிர்ப்பு. ஒரு வாரம் கழித்து அண்டையில் உள்ள குட்டி நாடான லீக்டன்ஸ்டைன் அதே கேள்விக்கு ஆம் என்றது. விளைவை இன்று கைப்பேசியில் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தின் பூக்ஸ் ஊரிலிருந்து ரைன் பாலத்தைத் தாண்டினால் லீக்டன்ஸ்டைனின் ஷான். இரண்டு ஊரிலும் ஒரே நாணயம், ஒரே மொழி, எல்லையில் காவலும் கிடையாது. திட்டத்தில் சுவிட்சர்லாந்து சேராத ஜெர்மன் சிம் வைத்திருப்பவருக்குப் பாலத்தின் ஒரு முனையில் ரோமிங் காசு, மறுமுனையில் இலவசம். முப்பதாண்டுக்கு முன் கைப்பேசியை நினைத்தே பாராமல் போட்ட ஓட்டு.

5.2 பிரிட்டன்

2020 டிசம்பர் 31-உடன் பிரிட்டன் ஒன்றியச் சட்டங்களிலிருந்து விடுபட்டது. ரோமிங் கட்டணத்தை மறுபடி கொண்டுவரும் எண்ணம் இல்லை என்று நிறுவனங்கள் அப்போது பேசின. 2022-இல் பெரிய நிறுவனங்களில் பல நாள் கட்டணம் வசூலிக்கத் தொடங்கின. கடலுக்கு அடியில் போகும் கம்பிவடங்கள் மாறவில்லை, கோபுரங்களும் மாறவில்லை. சட்டத்தின் கை எடுபட்டது, விலை எழுந்தது. நம் வாதத்தை மறுபக்கத்திலிருந்து மெய்ப்பிக்கும் சான்று இது. பயணிக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு: இலண்டன், பாரிஸ், ஜூரிக் என்று போடும் வழக்கமான சுற்றுலாவில் மூன்று தனித்தனிச் சட்ட உலகங்கள் இருக்கின்றன. 'ஐரோப்பா பேக்' என்று எழுதியிருப்பதில் மூன்றும் உண்டா என்று நாடுகளின் பட்டியலைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

5.3 கிழக்கு

சட்டத்தின் பரப்பு சுருங்கியதைப் போலவே விரிந்தும் இருக்கிறது. 2022-இல் போர் வெடித்து உக்ரைன் மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறியபோது ஐரோப்பிய நிறுவனங்களும் உக்ரைன் நிறுவனங்களும் தாமாக முன்வந்து கட்டணத்தைக் குறைத்தன. 2026 ஜனவரி 1 முதல் உக்ரைனும் மால்டோவாவும் இலவச ரோமிங் பரப்புக்குள் சட்டப்படி வந்துவிட்டன. செர்பியா, அல்பேனியா உள்ளிட்ட ஆறு மேற்கு பால்கன் பகுதிகள் 2021 ஜூலை முதல் தமக்குள் கட்டணத்தை நீக்கிக்கொண்டுள்ளன.

5.4 கடலும் வானமும்

ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கி போகும் கப்பல் ஒன்றிய நாட்டிலிருந்து ஒன்றிய நாட்டுக்குத்தான் போகிறது. ஆனால் நடுக்கடலில் கைப்பேசி பிடிப்பது கப்பலின் சொந்தச் சிறு கோபுரத்தை. அது செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிறது. விலை உச்சவரம்பு தரைவழி வலைகளுக்கு மட்டுமே. கப்பலிலும் விமானத்திலும் கைப்பேசியை விமானப் பயண நிலையில் வைத்து வைஃபையை மட்டும் எழுப்புவது உத்தமம். ஒன்றியத்து வாடிக்கையாளர்களுக்காவது டேட்டா செலவு 50 யூரோவைத் தொட்டதும் தானாக நிறுத்தும் பாதுகாப்பு 2010 முதல் இருக்கிறது. இந்திய சிம்முக்கு அந்த ஐரோப்பியக் காவல் இல்லை.

6. இந்திய சிம்மோடு வருபவர்

6.1 சிம்மின் இரண்டு வேலைகள்

இந்தியப் பயணிக்குச் சொந்த சிம் வெறும் பேசும் கருவி அல்ல, கையெழுத்தும் அதுவே. வங்கி, வாட்ஸ்அப், யுபிஐ எல்லாமே அந்த எண்ணில் தொங்குகின்றன. ரோமுக்குப் போய் ஃபுளோரன்ஸ் ரயிலுக்கு இணையத்தில் டிக்கெட் எடுக்கிறோம். வலுவான வாடிக்கையாளர் சரிபார்ப்பு வேண்டும் என்ற ஐரோப்பியப் பணப்பட்டுவாடா விதியால் இத்தாலியத் தளம் நம் வங்கியிடம் உறுதி கேட்கும். வங்கி இந்திய எண்ணுக்கு ஓடிபி அனுப்பும். அந்த சிம் பெட்டிக்குள் கழற்றி வைக்கப்பட்டிருந்தால் டிக்கெட் இல்லை. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடே அணைந்து கிடக்கலாம் என்பது தனித் தலைவலி. ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதியால் புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்தே வருகின்றன. மற்றதை நாமே திறக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ஈஃபில் கோபுரத்தின் டிக்கெட்டுக்கு யுபிஐ ஏற்கத் தொடங்கினார்கள். அதற்கும் இந்திய எண் உயிரோடு இருக்க வேண்டும்.

ஆக இரண்டு வேலைகளையும் பிரிப்பதே சரி. இந்திய சிம் முதல் இடத்தில் இருக்கட்டும். ரோமிங் அனுமதி பெற்று, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து. உள்ளே வரும் குறுஞ்செய்திக்கு என்ன விலை என்று புறப்படும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். டேட்டாவுக்கு இரண்டாவது இடத்தில் ஓர் ஐரோப்பிய சிம் அல்லது இ-சிம். பயணம் நாலைந்து நாள் என்றால் இந்திய பேக் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது எளிது. இரண்டு வாரம், நாலு பேர் கொண்ட குடும்பம் என்றால் கணக்கு மாறிவிடும்.

6.2 ஐரோப்பிய சிம் வாங்குவது

ஒன்றியத்துக்குள் எந்த நாட்டில் வாங்கினாலும் மற்ற நாடுகளில் செல்லும் என்பதே பெரிய வசதி. ஆனால் வாங்கும் முறை நாட்டுக்கு நாடு வேறு. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் வெடித்த குண்டுகளை இயக்கியவை முன்பணக் கைப்பேசிகள். அதன் பிறகு ஸ்பெயின் அடையாளம் காட்டாமல் சிம் விற்பதைச் சட்டத்தால் நிறுத்தியது. ஜெர்மனி 2017 ஜூலை முதல் முன்பண சிம்முக்கு அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் இதெல்லாம் இல்லை. கடையில் மிட்டாய் வாங்குவதுபோல் வாங்கிப் போகலாம். ஆனாலும் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருப்பது நல்லது. மலிவான சில முன்பண சிம்களில் வெளிநாட்டு டேட்டா குறைவு. அந்த நாட்டில் வசிப்பவர் என்ற ஆதாரத்தைக் கேட்க நிறுவனத்துக்கு உரிமையும் உண்டு. அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும் ஜிபியைப் பார்க்காமல், பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ரோமிங் ஜிபியைப் பார்க்க வேண்டும்.

பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளில் முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் பக்கத்திலேயே சிம் அட்டைகளும் தொங்கும். அதற்கொரு வரலாறு உண்டு. போரால் சிதறிய குடும்பங்களுக்கு ஊருக்குப் பேசும் அழைப்பு அட்டைகளே உயிர்நாடியாக இருந்தன. அந்தச் சந்தையிலிருந்து எழுந்தவை 2001-இல் மூன்று இலங்கைத் தமிழர்கள் தொடங்கிய லெபாராவும், சுபாஷ்கரன் அல்லிராஜா 2006-இல் தொடங்கிய லைகாமொபைலும். தமிழ்நாட்டில் லைகாவைச் சினிமாத் தயாரிப்பாளராகவே அறிவார்கள். இவர்களிடம் சொந்தக் கோபுரம் கிடையாது. பெரிய நிறுவனத்திடம் நிமிடத்தையும் டேட்டாவையும் மொத்தமாக வாங்கிப் புலம்பெயர்ந்தோருக்குச் சில்லறையாக விற்றார்கள். விலை மொத்தக் கொள்முதலில்தான் பிறக்கிறது என்பதைப் பொருளாதார நூல்கள் சொல்லுமுன் இந்த வியாபாரிகள் கண்டுகொண்டிருந்தார்கள்.

6.3 வைஃபை

இலவச வைஃபையை நம்பிப் போவோர் ஜெர்மனியில் ஏமாந்த காலம் உண்டு. திறந்த வைஃபையில் வேறொருவர் திருட்டுப் பாடலை இறக்கினால் கடைக்காரர் மேல் வழக்கு வரும் நிலை அங்கே இருந்தது. இசை நிறுவனமான சோனியோடு ஒரு கடைக்காரர் நடத்திய மெக்ஃபேடன் வழக்கில் 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. இத்தாலியில் 2005 முதல் 2010 வரை இணைய மையத்தில் உட்காரவே அடையாள அட்டை காட்ட வேண்டியிருந்தது. இன்று நிலைமை தேவலாம். ஆனாலும் பொது வைஃபையில் வங்கி வேலை வேண்டாம்.

7. கருவி

2ஜி காலத்தில் இந்தியாவும் ஐரோப்பாவும் ஒரே 900, 1800 அலைவரிசைகளில் இருந்ததால் நம் பழைய கைப்பேசிகள் அங்கே குறையின்றிப் பேசின, அமெரிக்காவில்தான் தடுமாறின. 4ஜியில் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பாவில் கிராமப்புறத்தையும் கட்டட உட்புறத்தையும் எட்டுவது 800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 20. இந்தியாவில் அதற்கு வேலையில்லாததால் இங்கே விற்கும் சில மலிவு மாடல்களில் அது இருக்காது. நகரத்தில் சிரமம் தெரியாது. ஆல்ப்ஸ் மலையோர ஊரில் தெரியும். இன்னொன்று: ஜெர்மனியில் 2021-இல் 3ஜி மூடப்பட்டது, சுவிட்சர்லாந்தில் 2ஜியே போய்விட்டது. 4ஜி வழியாகக் குரல் அழைப்பை ரோமிங்கில் நம் நிறுவனம் தராவிட்டால் டேட்டா ஓடும், சில இடங்களில் பேச்சு போகாது.

கையில் பிடித்துப் பேசுவதற்கும் விலை உண்டு. கார் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்தால் ஜெர்மனியில் 100 யூரோ, பிரான்சில் 135 யூரோ. நெதர்லாந்தில் 2019 ஜூலை முதல் சைக்கிளிலும் கூடாது. வாடகைச் சைக்கிளில் வரைபடம் பார்த்தபடி ஆம்ஸ்டர்டாமைச் சுற்றும் பயணிகள் இதை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

8. ஒப்பந்தம் தேவையில்லாத ஒரே அழைப்பு

இதுவரை பேசிய எந்தப் பேரமும் செல்லாத எண் 112. ஐரோப்பா முழுவதற்கும் ஒரே அவசர எண் என்று 1991-இல் முடிவானது. இதை அழைக்க பேக் வேண்டாம், இருப்பு வேண்டாம், திரைப்பூட்டையும் திறக்க வேண்டாம். நம் நிறுவனம் எவரோடும் ஒப்பந்தம் செய்யாத வலையாக இருந்தாலும் கைக்கெட்டும் கோபுரம் அழைப்பை ஏற்கும். எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஒன்றியத்தில் 2022 மார்ச் முதல் விற்கப்படும் புதிய ஸ்மார்ட்போன்கள் இருப்பிடத்தைத் தாமே அனுப்பும் வசதியோடு வர வேண்டும் என்பது விதி.

ஒரு விலக்கு மட்டும் நினைவில் இருக்க வேண்டும். சிம் இல்லாத கைப்பேசியிலிருந்து விளையாட்டு அழைப்புகள் குவிந்ததால், 2009 முதல் ஜெர்மனியில் சிம் இல்லாமல் 112 கிடைக்காது. டேட்டா சிம்மை மாற்றும் அவசரத்தில் இரண்டு இடங்களையும் காலியாக விட்டுவிட்டு வெறும் வைஃபையில் சுற்றுபவர்களுக்கு இது பொருந்தும். ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலும் ஏதோ ஒரு சிம் உள்ளேயே இருக்கட்டும்.